முப்பத்தேழாவது அடி

அந்தக் கொம்பு கிடார் இன்னும் இருக்கிறதா என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். நம் காம்பவுண்டுப் பிள்ளைகள் போனில் வைத்திருக்கும் குழுவில்தான். கேள்விக்குக் கீழே நாலு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. இரண்டு வரிக்கு மேல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஏழாவதோடு நின்றவள். அதுவும் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியில் உங்களோடு பாயில் உட்கார்ந்து கற்றதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிடார் இருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வருஷத்தை நீங்கள் ஒரு மாதிரி நினைவு வைத்திருக்கிறீர்கள், நான் வேறு மாதிரி. அதனால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

சித்தூரில் நம் காம்பவுண்டில் பன்னிரண்டு வீடு. ஒரே வரிசை, ஒரே ஓட்டுக்கூரை. சர்ச்சை ஒட்டி முதல் வீடு எங்களுடையது, ஏனென்றால் என் அப்பா, நைனாதான் மணியடிக்கிறவர். சர்ச்சைக் கூட்டுவது, பெஞ்சு துடைப்பது, மைக் செட் போடுவது எல்லாம் அவர் வேலை. சாவிக்கொத்து எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும்.

மணியில் விரிசல் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரர் காலத்து மணி. கணீரென்று பேசாது. அடித்தால் முதலில் ஒரு கரகரப்பு வரும், பிறகு நீளமாக ஓர் இரைச்சல், பிறகு மெதுவாக அடங்கும். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நமக்கு அதுதான் மணி.

சாவு மணியை மறந்திருக்க மாட்டீர்கள். செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஓர் அடியின் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் அடுத்த அடி. மணி அப்படி விழ ஆரம்பித்தால் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். யாரும் பேச மாட்டார்கள். எல்லார் உதடும் அசையும். பத்துக்குள் நின்றால் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எழுபது தாண்டினால் ஒரு பெருமூச்சு, பிறகு போய் அடுப்பைப் பார்ப்பார்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, அவருக்கு என்ன வயது என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணிக்கை நிற்கிற இடத்தில் பெயர் வந்துவிடும். தனியாக யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

மாமா அந்த வருஷம் கோடை லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு ஓட்டலில் வேலை, சாயங்காலம் ஏதோ பேண்டில் வாசிப்பு. முடி தோள் வரை இருந்தது. கையில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி. சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று நீங்கள் எல்லாரும் பின்னாலேயே வந்தீர்கள்.

உள்ளே கிடார் இருந்தது. கறுப்பு. மேலே இரண்டு கொம்பு, ஒன்று நீளம், ஒன்று குட்டை, இரண்டும் கூர். கழுத்து என் மணிக்கட்டு அளவுக்கு ஒல்லி. அதில் இருபத்து நாலு கோடு. தலை காக்கா மூக்கு மாதிரி வளைந்திருந்தது. ஆறு முடுக்காணியும் ஒரே பக்கம். கீழே ஓர் இரும்புக் குச்சி, அதை அமுக்கினால் ஆறு கம்பியும் தொய்ந்துபோகும். சிகரெட் வாசனை அடித்தது.

நைனா குனிந்து பார்த்தார்.

"ஓட்டையே காணோம்?"

"இதுக்கு ஓட்ட கெடியாது மச்சான். கரண்ட்ல பாடும். மெட்டல் வாசிக்கிற கிடாரு இது."

"மெட்டலா?" நைனா விரலால் கோபுரத்தைக் காட்டினார். "மெட்டலுன்னா மேல தொங்குது பாரு, அது. இது கட்ட."

அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் எதைச் செய்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் செய்தாள். எங்களுக்கு அது உறைக்கவில்லை.

மாமா துபாய்க்குப் போவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"உனுக்குத்தான்."

"வர்ற வரிக்குமா?"

"வந்தாலும் கேக்க மாட்டேன். உனுக்கே."

பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடா இந்தச் சனியன்? ஒரு தையல் மிஷின் குட்தாலும் பொழச்சிக்கும்."

"தையல் மிஷினு ஊரையே எழுப்பும்க்கா. இது எழுப்பாது. சத்தம் வர்ற பொட்டி பெங்களூர்ல கீது. அப்பால அனுப்பறேன்."

பெட்டி வரவே இல்லை. மாமாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு மத்தியானம். கிணற்று மேட்டில் உட்கார்ந்து. எனக்குப் பதினொரு வயது. விரல் எட்டவில்லை. அதனால் தடித்த கம்பி ஒன்றை மட்டும் காட்டினார். அதை முறுக்குத் தளர்த்தி வைத்திருந்தார். அதில் மூன்று இடம். சும்மா விட்டு ஓர் அடி, மூன்றாவது கோட்டில் ஓர் அடி, முதல் கோட்டில் ஓர் அடி.

"முதல்ல சும்மா விட்டதையே அடி. அவசரப்படாத. அட்ச்சிட்டு உட்டுடு. அது சாகுற வரிக்கும் கேளு. செத்ததும் அடுத்தது. இத்த ஆயிரம் தபா அட்ச்சப்புறம் மத்த எடத்துக்குப் போ."

அவ்வளவுதான் பாடம். கூடவே ஓர் ஆரஞ்சு நிற டப்பாவும் தந்தார். காலால் மிதிக்கிறது. உள்ளே சதுரமான பேட்டரி. அதை மிதித்தால் சத்தம் முரடாகும் என்றார். சத்தமே இல்லாத கிடாருக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலையில் அம்மாவைத் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்குச் சொன்னது ஜுரம் என்று. கட்டி என்று அத்தை குழாயடியில் சொன்னது என் காதில் விழுந்தது. கட்டி என்றால் பத்துப் போட்டால் உடையும் என்றுதான் எனக்குத் தெரியும்.

நைனா அங்கேயும் இங்கேயுமாக அலைந்தார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு மணியடிப்பார், மத்தியானம் பஸ் ஏறுவார். சில ஞாயிறு வர முடியாது. அப்போது காம்பவுண்டுத் தோட்டக்காரர் மணியடித்து மைக் போடுவார். எனக்குச் சோறு அத்தை வீட்டில். படுக்கை எங்கள் வீட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் கிடாரும்தான்.

ஓட்டை இல்லாத கிடார் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாது. கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம், அடித்தவளுக்கு மட்டும் கேட்கும். நீங்கள் ஒருநாள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். "ஊமைக் கிடாரு வாசிக்கிறாடா."

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். தற்செயலாக. கிடாரின் நீளக் கொம்பில் தாடையை வைத்து அடித்தால் சத்தம் மண்டைக்குள் வந்தது. கொம்பைப் பல்லால் கடித்துக்கொண்டால் இன்னும் நன்றாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கொம்பைக் கடித்துக்கொண்டு, அடிப்பேன். சத்தம் பல்லிலிருந்து காதின் பின்பக்கம் போய், கழுத்தில் இறங்கி, மெதுவாகச் சாகும். அதுவரை அசைய மாட்டேன். பிறகு அடுத்தது. வெளியே இருந்து பார்த்தால் ஒரு பெண் ஒரு கட்டையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிற மாதிரி இருந்திருக்கும். அழவில்லை. அந்த மாதங்களில் என்னோடு பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். கறுப்புப் பெயிண்டில் என் இரண்டு பல் தடம் இன்றைக்கும் இருக்கிறது.

ஆகஸ்டில் ஒருநாள் நைனா என்னைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பஸ் ஸ்டாண்டெல்லாம் மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அடுப்பு மூட்டாத குறையாகக் குடும்பங்கள் படுத்திருந்தன. அம்மாவின் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலில் முழுக்க மலை.

"கிடாரு வாசிக்கிறியா?"

"சத்தம் வர்றதில்ல."

"மாமா பொட்டி அனுப்பலியா?"

"இல்ல."

"நான் வர்றதுக்குள்ள எப்டியாச்சும் சத்தம் வர வையி. நான் கேக்கணும்."

அது ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள் பிள்ளைகளிடம் சும்மா சொல்கிற வார்த்தை. நான் அதை வேலையாக எடுத்துக்கொண்டேன். சத்தம் வந்துவிட்டால் அம்மா வந்துவிடுவாள் என்றும் ஒரு கணக்கு எனக்குள் இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தோன்றியது. மைக் ஒயரின் முனையும் கிடார் ஒயரின் முனையும் ஒரே அளவு. நைனாவுக்கு நான்தானே ஒயரை எடுத்துத் தருகிறவள்.

அடுத்த புதன்கிழமை ஏதோ பந்த். பள்ளிக்கூடம் இல்லை, கடை இல்லை, எல்லாரும் வீட்டில். நைனா திருப்பதியில். மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆணியில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். சாம்பல் நிற மைக் செட்டில் கிடாரைச் சொருகினேன். நடுவில் ஆரஞ்சு டப்பா. சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தச் செட்டில் இரண்டு சுவிட்சு உண்டு. ஒன்று உள்ளே சுவரில் இருக்கிற பெட்டிகளுக்கு. இன்னொன்று கோபுரத்தில் இருக்கிற கூம்பு ஸ்பீக்கருக்கு. போன ஞாயிறு தோட்டக்காரர்தான் மைக் போட்டார். கோபுர சுவிட்சை அணைக்கவில்லை. நான் பார்க்கவில்லை.

டப்பாவை மிதித்தேன். தடித்த கம்பியை அடித்தேன்.

என் பல்லுக்குள் மட்டும் இருந்த சத்தம் எட்டு ஜன்னலையும் ஒரே நேரத்தில் உலுக்கியது. பெஞ்சு நடுங்கியது என் தொடையில் தெரிந்தது. புறா பறந்தது. முதலில் கரகரப்பு, பிறகு நீளமாக ஓர் இரைச்சல், பிறகு மெதுவாக அடங்கியது. நான் மூச்சு விடவில்லை. முழுக்கச் சாகிற வரை கேட்டேன். அடுத்தது அடித்தேன்.

மாமா சொன்னபடியே. அவசரப்படவில்லை. வேறு இடத்துக்கும் போகவில்லை. எத்தனை அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. காம்பவுண்டில் எண்ணாத ஆள் அன்று நான் ஒருத்திதான்.

கரண்ட் போயிற்று. அடித்த அடி பாதியில் கொசு ரீங்காரமாகிவிட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. அப்போதுதான் வெளியே அழுகைச் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. மூன்றாம் வீட்டம்மா முன்னால் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கையெல்லாம் சோப்பு நுரை. "போய்ட்டாளேடி உங்கம்மா! உன்ன உட்டுட்டுப் போய்ட்டாளே!"

அவர்கள் எனக்குச் செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் கத்தி அழுதேன். நீங்கள் எல்லாரும் கதவில் நின்று அழுதீர்கள். சர்ச்சு முழுக்க அழுதது. ஒருவருக்கும் ஒரு செய்தியும் வரவில்லை.

பால்காரர்தான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தெலுங்குக்காரர். "கண்ட்ட எவரு கொட்டாரு?"

மணி யார் அடித்தது. அதுவரை அதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கயிறு இருக்கிற பக்கம் பார்த்தார்கள். கயிறு சும்மா தொங்கியது. பிறகு என் கழுத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்தார்கள். மூன்றாம் வீட்டம்மா என்னை விட்டுவிட்டாள். அவள் கை இறங்கியது எனக்கு இப்போதும் தோளில் தெரிகிறது.

எண்ணினவர்கள் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்களாம். முப்பத்து நாலு, முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு. குழாயடியில் அத்தைதான் "முப்பத்தாறு, என் தம்பி பொண்டாட்டி" என்று மார்பில் அடித்துக்கொண்டாளாம். உடனே எல்லாருக்கும் முப்பத்தாறு ஆகிவிட்டது. அம்மாவின் வயது முப்பத்தாறு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தை சர்ச்சுக்கு வரவில்லை. இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டாள். பந்த் அன்று சாயங்காலம்தான் பஸ் ஓடியது. திருப்பதி வரை மூன்று பேரும் அழுதுகொண்டே போயிருக்கிறார்கள். மொட்டை போடப் போகிறவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்களாம். வார்டுக்குள் நுழைந்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து இட்லி துன்னுக்கினு இருந்தாளாம். அத்தையே பிறகு சொன்னது.

"இன்னா எல்லாரும் கூட்டமா? யாரு செத்தது?" என்று அம்மா கேட்டாளாம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நைனா வந்தார். என்னை அடிக்கவில்லை. வாசலில் நின்றார்.

"மணின்னா இன்னான்னு தெரியுமா உனுக்கு?"

நான் மணியடிக்கவில்லை, அம்மா கேட்கணும் என்றாள், அதற்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று தோன்றியது. அவரும் மறுபடி கேட்கவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாத வியாதி எங்கள் இரண்டு பேருக்கும்.

ஐயர் வந்தார். நம் போதகரை நாம் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், உங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர். இதோடு முடியட்டும் என்றுதான் செய்திருப்பார். கிடாரை, தன் அங்கிகள் தொங்கும் அங்கி அறையில் பூட்டி வைக்கச் சொன்னார். நைனாவே தூக்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பொய்ச் சாட்சி பற்றிப் பிரசங்கம். நான் முன்பாயில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. வெளியே வந்ததும் உங்களில் சிலர் "டாங்ங்ங்... இப்ப யாருடி?" என்றீர்கள். கோபம் இல்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அம்மா என்னைக் கூட்டிவரச் சொல்லி ஒரே பிடிவாதம் பிடித்தாளாம். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டிப் போனாள். அம்மா இன்னும் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் சிரித்தது.

"எனுக்கு மணி அட்ச்சியாமே?"

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"யாரு யாரு அழுதாங்க?"

சொன்னேன். மூன்றாம் வீட்டம்மா. தோட்டக்காரர் பெண்டாட்டி. டீச்சரம்மா.

"டீச்சரம்மாவா! என் பித்தளக் கிண்ணத்த வாங்கினு போயி ரெண்டு வருஷமா குட்காதவ. அவளா?"

"தேம்பித் தேம்பி அழுதாங்க."

"கிண்ணத்த இன்னும் கொஞ்ச நாளு வெச்சிக்கட்டும் அப்ப." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை வெளியே தண்ணீர் பிடிக்கப் போனாள். அம்மா என்னைக் கிட்டே இழுத்தாள். "சத்தம் வந்துச்சா?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

"வந்துச்சு."

"எப்டி கீது?"

"நம்ம மணி மாதிரி. அத்தவிட நீட்டு."

"நான் வந்ததும் அடி. நிறுத்தச் சொன்னா நிறுத்தாத."

செப்டம்பரில் ஒரு காலை, பத்து மணி. காலாண்டுப் பரீட்சைக்கு முன்பு. எனக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. அத்தையும் திருப்பதியில்தான் இருந்தாள். நைனா கேட்டைத் திறந்துகொண்டு தனியாக வந்தார். கையில் பை இல்லை. வீட்டுக்குள் வராமல் நேராகக் கோபுரத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு கயிற்றைப் பிடித்தார்.

முதல் அடி. அடங்கியது. இரண்டாவது அடி.

நான் எண்ணினேன். இருபது வரை வெறுமனே எண்ணினேன். இருபத்தைந்தில் இருந்து வேண்டிக்கொண்டேன். நிற்காதே. நாற்பதுக்குப் போ. அறுபதுக்குப் போ. கடைசி வீட்டில் ஒரு கிழவர் படுத்திருந்தார். அவர் வயதுக்குப் போ. முப்பது. முப்பத்தொன்று.

வீடுகள் பக்கம் யாரும் எழுந்து வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. துணி துவைக்கிற சத்தம் நிற்கவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? நிறுத்துடி!"

அது உங்களில் ஒருவரின் அம்மா. யார் என்று சொல்ல மாட்டேன். அவரும் இப்போது இல்லை. நைனாவின் காதிலும் விழுந்தது. கயிற்றைப் பிடித்த கை ஒரு தடவை நழுவியது. மறுபடி பிடித்தார்.

முப்பத்தாறு. நின்றது.

நைனா வழியைப் பார்த்தார். காலியாக இருந்தது. ஒரு நாய் மட்டும் போயிற்று. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

முப்பத்தேழு.

அப்படியானால் இது அம்மா இல்லை. வேறு யாரோ. கிழவர்தான். முப்பத்தெட்டு. சிரித்தேன் என்று நினைக்கிறேன். நைனாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர் மறுபடி முதலில் இருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை பதினைந்து, இருபது அடித்த பிறகுதான் மூன்றாம் வீட்டம்மா மெதுவாக வந்து எட்டிப் பார்த்தாள். கயிற்றில் நைனாவைப் பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும் வந்தார்கள்.

அதன் பிறகு நைனா ஞாயிற்றுக்கிழமை மணியடித்தார். சாவு மணி வந்தால் தோட்டக்காரரைக் கூப்பிடுவார். வீட்டில் நாங்கள் பேசிய வார்த்தைகளை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். சோறு ஆச்சா. ஆச்சு. எண்ணெய் இல்ல. வாங்கியாறேன். கிடாரைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அது பூட்டிய அறையில் இருந்தது, சாவி எங்கள் ஆணியில் தொங்கியது. நான் தொடவில்லை. கட்டில் காலில் தாடையை வைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.

மறு வருஷம் ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு, நைனா ஐயரிடம் போய்ச் சொன்னார். "கயிறு புடிக்க முடியல ஐயரே." திருப்பதியில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தார். சாமான் கட்டினோம். மறுநாள் காலை சாவியைக் கொடுக்க வேண்டும்.

அன்று மத்தியானம் நைனா என்னைக் கூப்பிட்டார். "வா."

அங்கி அறையைத் திறந்தார். கறுப்புப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். தோளில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குள் நடந்தார். மைக் செட்டைப் போட்டார். சட்டைப் பையில் இருந்து ஒரு சதுரப் பேட்டரியை எடுத்தார். புதுசு, தாளோடு.

"இதானே போடறது?"

எங்கே விசாரித்தார், எப்போது வாங்கினார், தெரியாது. ஆரஞ்சு டப்பாவைத் திருப்பி அவரே மாட்டினார். கம்பிகளில் மெல்லியது இரண்டு துருப்பிடித்து அறுந்திருந்தது. தடித்தது இருந்தது. அது போதும்.

நான் உள் சுவிட்சை மட்டும் போட்டேன். நைனா வந்து கோபுர சுவிட்சையும் போட்டார். நான் அவரைப் பார்த்தேன்.

"அம்மா கேக்கணும்னாளாம் இல்ல," என்றார். "கடைசியில எங்கிட்ட சொன்னா. நீ சொல்லல."

முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அடி."

அடித்தேன். கரகரப்பு, இரைச்சல், அடங்கல். வெளியே குழாய் நின்றது. துவைக்கிற சத்தம் நின்றது. நீங்கள் எண்ணுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் எண்ணினேன். பத்து. இருபது. நைனா கையைத் தொடை மேல் வைத்திருந்தார். விரலை மடக்கவில்லை. முப்பத்தைந்து. முப்பத்தாறு.

என் கை நின்றது. சத்தம் மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தாத," என்றார் நைனா.

முப்பத்தேழு அடித்தேன். முப்பத்தெட்டு. ஐம்பது. எழுபது. நூறு. நூறு வயதுக்காரர் நம் காம்பவுண்டில் எந்தக் காலத்திலும் இல்லை. யாரும் வெளியே வரவில்லை. யாரும் கத்தவில்லை. எந்த இடத்தில் என்று தெரியாது, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். விரல் மூன்றாவது கோட்டுக்குப் போயிற்று, பிறகு முதல் கோட்டுக்கு. மாமா சொன்ன ஆயிரம் ஆகியிருக்காது. நைனா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேட்டரி தீரவில்லை, கரண்ட்டும் போகவில்லை. என் விரல் தோல் உரிந்த பிறகு நிறுத்தினேன்.

நைனா சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். "நல்லாகீது," என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு வார்த்தை.

பிறகு திருப்பதிதான். அம்மா இருந்த அதே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருஷமாகிறது. நைனா போய்ப் பத்து வருஷம். இங்கே மணி கிடையாது, போனில்தான் சொன்னேன். கம்பி மாற்றப் போனபோது கடைப் பையன், "அக்கா, இது மெட்டல் கிடார் தெரியுமா?" என்றான். தெரியும் என்றேன். ஒரு சின்னப் பெட்டியும் அவனிடமே வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக வைத்து வாசிக்கிறேன். மூன்று இடம் இப்போது பத்துப் பன்னிரண்டு ஆகியிருக்கிறது. சில நாள் பெட்டியைப் போடாமல் கொம்பைக் கடித்துக்கொண்டு வாசிப்பதும் உண்டு. இப்போது பல் இரண்டு கட்டுப் பல். அதில் சத்தம் அவ்வளவு வருவதில்லை.

கிடார் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது.

நானும் ஒன்று கேட்கிறேன். அந்த ஜூன் மத்தியானம் நீங்கள் எல்லாரும் வீட்டில்தான் இருந்தீர்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தீர்கள். எத்தனாவது அடியில் எண்ணுவதை விட்டீர்கள்? நினைவிருக்கிறவர்கள் குழுவில் எண்ணை மட்டும் போடுங்கள். போதும்.